புதுப்பிப்பு: அதிகாலை பில்லில் முந்தின நாள் தேதி விழுந்த சிக்கல்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கடைக்கான பில்லிங் பக்கத்தில், விடியுமுன் போடும் பில்களில் மட்டும் முந்தின நாள் தேதி விழுவதாகக் கேட்டிருந்தேன். காரணம் சிக்கியது.

தேதிக்காக, ஜாவாஸ்கிரிப்டில் நேரத்தை எழுத்தாக மாற்றித் தரும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) மதிப்பின் முதல் 10 எழுத்தை வெட்டி எடுத்திருக்கிறது புரோகிராம். அது தருவது யூடிசி (UTC) எனும் உலகப் பொது நேரம். நம்மூர் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆக, நள்ளிரவு முதல் காலை 5.30 வரை போடும் மல்லிகைப்பூ பில் எல்லாவற்றிலும் நேற்றைய தேதி! பகலில் எத்தனை முறை பார்த்தாலும் சரியாகத்தான் இருக்கும். கன்சோலும் (பிரவுசரில் புரோகிராம் அச்சிடுவதைக் காட்டும் இடம்) ஏமாற்றும்: டேட் ஆப்ஜெக்டை (தேதி, நேரத்தை வைத்திருக்கும் மதிப்பு) அப்படியே அச்சிட்டால் உள்ளூர் நேரத்தைத்தான் காட்டும். டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் மதிப்பையும் பக்கத்தில் அச்சிட வேண்டும்.

இதற்கு பிரேக்பாயின்ட் (புரோகிராமை ஒரு வரியில் நிறுத்திவைக்கும் வழி) வேண்டாம், வியாபார நேரத்தில் பக்கம் நின்றுவிடும். குரோம் பிரவுசரின் டெவ்டூல்ஸில் (பிழை தேடும் கருவிகள்) சோர்சஸ் பேனலில் வரி எண்ணை ரைட் கிளிக் செய்து லாக்பாயின்ட் (நிறுத்தாமல் மதிப்பை மட்டும் கன்சோலில் அச்சிடுவது) போட்டால் போதும். டெவ்டூல்ஸ் திறந்திருக்கும்வரைதான் அது வேலை செய்யும்.

பகலிலேயே பிழையை வரவைக்க: டெவ்டூல்ஸின் சென்சார்ஸ் பேனலில் லொகேஷனை சான் பிரான்சிஸ்கோ ஆக்கி, நம்மூர் நேரம் காலை 11 மணிவாக்கில் பில் போடுங்கள். அங்கே இன்னும் நேற்று, யூடிசியில் இன்று. இந்தச் சோதனையில் தேதி ஒருநாள் கூடுதலாக விழும், கோளாறு அதேதான்.

உள்ளூர் நேரப்படி ஆண்டு, மாதம், நாளைத் தரும் கெட்ஃபுல்இயர், கெட்மந்த், கெட்டேட் மூன்றையும் சேர்த்துத் தேதியைக் கட்டியதும் சரியானது. கெட்மந்த் 0-வில் தொடங்கும், 1 கூட்டுங்கள். பழைய பில்களில் 5.30-க்கு முன் பதிவானவற்றுக்கு மட்டும் ஒருநாள் கூட்டினால் போதும்.