கலைச்சொல்: 'செக் எஞ்சின் லைட்'டுக்கு என்ன எழுதலாம்?

பட்டர்வொர்த்திலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். சனிக்கிழமை இங்கே மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இளைஞர்களுக்கு மகிழுந்துப் பராமரிப்பு வகுப்பு எடுக்கிறேன். குறிப்பேடு வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். ஓட்டுநர் முன் எஞ்சின் சின்னமாக எரியும் 'செக் எஞ்சின் லைட்'டுக்குப் 'பழுதுணர் விளக்கு' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

என் பழைய காடியில் (காரில்) இந்த விளக்கு நான்கு மாதம் அணையவே இல்லை. ஸ்கேனரில் பி0420 என்ற பிழையெண் வந்தது; புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் திறன் குறைவாகத் தெரிகிறது என்று அர்த்தம். ஒரு பட்டறையில் கன்வர்ட்டருக்குப் பின்னால் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சரை மாற்றினார்கள், 380 வெள்ளி. சில நாளில் விளக்கு மறுபடியும் எரிந்தது. பிறகு வேறொரு ஃபோர்மன், காலையில் எஞ்சின் சூடேறுமுன் முடுக்கிவிட்டுக் குனிந்து காது கொடுத்தார். புகைக்குழாய் இணைப்பில் 'டிக் டிக்' சத்தம். இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் ஓரமாக ஒரு கரிக்கோடு. அந்தக் கசிவில் வெளிக்காற்று புகுந்து சென்சரை ஏமாற்றியிருக்கிறது. கேஸ்கெட்டை மாற்றிச் சில நாள் ஓட்டியதும் விளக்கு தானாக அணைந்தது. எந்தப் பாகம் கெட்டது என்று அந்த எண் சொல்லாது. இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கத்தான் நல்ல பெயர் தேடுகிறேன்.

செந்தூலிலிருந்து:

ஐயா, 'பழுதுணர்' பிழை. உணர்வது உணரி, முடிவெடுப்பது கணினி. விளக்கு உணர்த்துகிறது, அவ்வளவுதான். தன்வினை வேறு, பிறவினை வேறு. 'பழுதுணர்த்து விளக்கு' என்றால் வினைத்தொகை ஒழுங்காக நிற்கும். இன்னும் சுருக்க வேண்டுமா? 'பொறிவிளக்கு'. சோழரின் புலிப்பொறியை நினையுங்கள்: பொறி என்றால் சின்னம், எஞ்சினும் பொறிதான். இந்த விளக்கில் தெரிவதே எஞ்சின் சின்னம்!

பிறையிலிருந்து:

பொறி என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு எலிப்பொறிதான். எஞ்சினுக்கு 'எந்திரம்' என்றே எழுதலாம்; வடசொல் என்று ஒதுக்காதீர்கள். ஐங்குறுநூற்றில் கரும்பின் எந்திரம் களிற்றுக்கு எதிராகப் பிளிறுகிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தச் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களும் தமிழர்கள்தாமே? எந்திரம் இந்த மண்ணுக்கும் பழகிய சொல்.

ஜெலுத்தோங்கிலிருந்து:

அண்ணே, நான் பட்டறை வைத்திருப்பவன். வருகிறவர்கள் "எஞ்சின் லைட்டு எரியுது" என்றுதான் சொல்கிறார்கள். சில காடிகளில் பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலும் அது எரியும். அதற்குப் 'பழுது' என்று ஏன் பயமுறுத்த வேண்டும்? நின்று எரிந்தால் பட்டறைவரை மெதுவாக ஓட்டி வரலாம். விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது எஞ்சினுக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுப் பாழாக்கிவிடும்; உடனே ஓரங்கட்ட வேண்டும். 'எஞ்சின் எச்சரிக்கை விளக்கு' போதும்.

பிறையிலிருந்து:

சரி, எஞ்சினே இருக்கட்டும். எனக்குச் சம்மதம்.

செந்தூலிலிருந்து:

எனக்கு இல்லை. சிவப்பு எண்ணெய் விளக்கும் எஞ்சினுக்கான எச்சரிக்கைதானே? இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், எண்ணெய் அழுத்தம் போன காடியை ஒரு பையன் "மெதுவாக ஓட்டலாம்" என்று ஓட்டி எஞ்சினையே இழப்பான்.

பட்டர்வொர்த்திலிருந்து:

ஐயா சொல்வது தைக்கிறது. ஆனாலும் பலருக்குப் புரிவது 'எஞ்சின் எச்சரிக்கை விளக்கு'தான்; அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். பக்கத்தில் மஞ்சள் நிறப் படம் வரும், எண்ணெய் விளக்குக்குத் தனிக்கட்டம் போடுகிறேன். அடுத்த பக்கத்தில் 'கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்' நிற்கிறது. 'வினையூக்கி மாற்றி' சரிவருமா? இன்றிரவே சொல்லுங்கள்.

செந்தூலிலிருந்து:

'மாற்றி' பற்றிப் பிறகு எழுதுகிறேன். 'பழுதுணர்த்து விளக்கு' என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள், ஐயா.