மீட்ட இகுவானாவின் விரல்கள் துடிக்கின்றன, என்ன செய்யலாம்?

நித்யா, மடிப்பாக்கம்:
பக்கத்து வீட்டைக் காலி செய்தவர்கள் மொட்டை மாடியில் கூண்டோடு விட்டுப்போன பச்சை இகுவானாவை (ஓணான் போன்ற பெரிய வெளிநாட்டுப் பல்லி) எடுத்து வந்திருக்கிறோம். வாலோடு சேர்த்து மூன்றடி இருக்கும். முட்டையும் முட்டைகோஸும் போட்டு வளர்த்தார்களாம். முன்னங்கால் விரல்கள் திடீர் திடீரென்று துடிக்கின்றன. கீழ்த்தாடை இரு பக்கமும் புடைத்திருக்கிறது. கிளையில் ஏறப் பார்த்துப் பாதியில் வழுக்கி விழுகிறது. கண்ணாடி ஜன்னலோரம் வெயில் படும்படி வைத்து, பாலக்கீரை தருகிறோம். பார்க்கப் பொறுக்கவில்லை, யாராவது வழி சொல்லுங்கள்.

சரவணன், பெரம்பூர்:
நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். இவை கால்சியம் குறைவுக்கான அடையாளங்கள். இரத்தத்தில் அது குறையும்போது உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். எலும்பு மெலியும், தாடை வீங்கும். துடிப்பு தொடங்கிவிட்டதென்றால் நோய் முற்றியிருக்கிறது, வலிப்பும் வரலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் எப்போது இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போங்கள். எக்ஸ்-ரேயில் எலும்பின் நிலை தெரியும். நாமாக மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது. அதுவரை கிளையைத் தாழ்த்திக் கட்டுங்கள். தூக்கும்போது வயிற்றுக்கடியில் கை கொடுத்து முழு உடம்பையும் தாங்குங்கள்; இந்த நிலையில் எலும்பு எளிதில் முறிந்துவிடும்.

ஃபாத்திமா, ராயப்பேட்டை:
நித்யா, ஜன்னல் வெயில் போதாது. வைட்டமின் டி3 உருவாகத் தேவையான புற ஊதா-பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். டி3 இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது. காலை இளவெயிலில் கம்பிவலைக் கூண்டை வெளியே வைத்து, பாதியை நிழலாக மூடுங்கள். ஒதுங்க நிழல் இல்லாவிட்டால் நம் ஊர் வெயில் அதைக் கொன்றேவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே உள்ளே கொண்டுவாருங்கள்.

பாலக்கீரையை நிறுத்துங்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைச் சேரவிடாது. முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, பூ எல்லாம் தரலாம். எங்களிடம் இருந்தது செம்பருத்திப் பூவைக் கண்டால் தலையை உயர்த்தி, தொண்டைத் தோலை விரித்துக்கொண்டு வரும்! முட்டை வேண்டவே வேண்டாம். இது தழை தின்னும் பிராணி, அசைவப் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நித்யா:
மிக்க நன்றி. காலையில் கிளம்புகிறோம். வைத்திருப்பதில் சட்டச் சிக்கல் உண்டா? பள்ளிக்கரணையில் விட்டுவிடச் சொல்கிறார் வீட்டு உரிமையாளர்.

சரவணன்:
விடவே கூடாது. அது மத்திய, தென் அமெரிக்க விலங்கு. இந்த நிலையில் வெளியே பிழைக்காது. பிழைத்தால் நம் சதுப்புநிலத்துக்குக் கேடு. இகுவானா சைட்டிஸ் (காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2022-இல் திருத்திய வன உயிரினச் சட்டப்படியும் 2024 விதிகள்படியும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைவிடப்பட்டுக் கிடைத்ததென்று வனத்துறையிடம் இப்போதே எழுதிக் கொடுங்கள். மருத்துவர் தரும் சீட்டின் நகலையும் இணையுங்கள்.