கொலராடோ கிராமப்புறத்தில் பள்ளி வாரியத்தின் அதிகாரம் எதுவரை?

கேள்வி

வணக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக் கிழக்குச் சமவெளியில், மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை மொத்தம் இருநூறு மாணவர்களைக்கூட எட்டாத ஒரு பள்ளி மாவட்டத்திற்கு (பொதுப் பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகப் பகுதிக்கு) அண்மையில் குடிபெயர்ந்தோம். பள்ளிப் பேருந்து எங்கள் சாலைத் திருப்பம் வரை வருவதில்லை. பள்ளி வாரிய உறுப்பினர் ஒருவர் எங்களுக்கு அடுத்த நிலத்தில் கோதுமை பயிரிடுபவர் என்பதால் அவரிடமே கேட்டேன். "நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, கண்காணிப்பாளரைப் பாருங்கள்" என்று முடித்துக்கொண்டார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஐந்து பேருக்கு ஒரு பேருந்தைத் திருப்பிவிடும் அதிகாரம்கூட இல்லையா? மாதம் ஒருமுறை கூடும் அவர்கள் உண்மையில் எதைத்தான் நிர்வகிக்கிறார்கள்? வரும் தேர்தலில் என்னையே போட்டியிடச் சொல்லும் நண்பர்களும் இருப்பதால், தெரிந்துகொண்டு முடிவெடுக்க விரும்புகிறேன்.

முதல் பதில்

உங்கள் அண்டை வீட்டார் தட்டிக்கழிக்கவில்லை, சரியாகவே நடந்துகொண்டார். வாரியத்திற்கு அதிகாரம் உண்டு, உறுப்பினருக்குத் தனியாக இல்லை. முறையாக அறிவிக்கப்பட்ட கூட்டத்தில் வாக்களிக்கும்போது மட்டுமே அவர் வாரியத்தின் ஒரு பகுதி. வேலி ஓரத்தில் நின்று பேசும்போது அவரும் உங்களைப் போல ஒரு குடிமகன்தான். கொலராடோவில் 1972-இல் வாக்காளர்களே நிறைவேற்றிய திறந்த கூட்டச் சட்டப்படி, வாரியம் பொதுமக்கள் முன்னிலையில்தான் முடிவெடுக்க வேண்டும். பணியாளர் விவகாரம் போன்ற சிலவற்றை மூடிய அமர்வில் விவாதிக்கலாம். ஆனால் முடிவை வெளியே வந்துதான் எடுக்க வேண்டும்.

வாரியம் நேரடியாக மேற்பார்வையிடுவது பெரும்பாலும் ஒரே ஒருவரை, அதாவது மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரை. கொள்கை வகுப்பது வாரியம், அதை நடைமுறைப்படுத்துவது அவர். மிகச் சிறிய மாவட்டங்களில் அவரே பள்ளி முதல்வராகவும் இருப்பதுண்டு என்பதால், இந்தக் கோடு காகிதத்தில் இருக்கும் அளவுக்கு ஊரில் தெளிவாகத் தெரிவதில்லை. உறுப்பினரின் மகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியரின் ஒப்பந்தமும் அதே உறுப்பினரின் வாக்குக்கு வரும். எல்லோரும் எல்லோருக்கும் வேண்டியவராக இருக்கும் ஊரில், ஒதுங்கி நிற்கத் தெரிவதுதான் கடினமான வேலை.

இரண்டாம் பதில்

நான் ஒரு பதவிக்காலம், அதாவது 4 ஆண்டுகள், இதே போன்றதொரு வாரியத்தில் இருந்தவன். எங்கள் கூட்டங்களில் பாதிக்கு மேற்பட்ட நேரம் பணத்தைப் பற்றியே கழிந்தது.

நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதற்குள் வரவு செலவுத் திட்டம் நிறைவேறியிருக்க வேண்டும். ஆனால் மாநில நிதி, அக்டோபர் தொடக்கத்தில் எடுக்கப்படும் மாணவர் கணக்கைச் சார்ந்தது. பெரிய மாவட்டத்தில் ஐந்து பிள்ளைகள் குறைந்தால் யாருக்கும் தெரியாது. எங்களிடம் ஒரு பண்ணைக் குடும்பம் நிலத்தை விற்றுவிட்டுப் போனபோது, ஆசிரியர் பணியிடம் ஒன்றையே மறுபரிசீலனை செய்ய நேர்ந்தது. ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தாலும் ஒன்பது பேர் இருந்தாலும் ஆசிரியர் ஒருவர் வேண்டும், கொதிகலன் எரிய வேண்டும், பேருந்து அதே தூரம் ஓட வேண்டும் அல்லவா? இதனால்தான் மாநில நிதிச் சூத்திரம் சிறிய மாவட்டங்களுக்குத் தலைக்குச் சற்றுக் கூடுதலாகத் தருகிறது. எண்ணிக்கை சரியும்போது பல ஆண்டுச் சராசரியையும் ஏற்கிறது. அந்தச் சராசரி அடியை ஒத்திப்போடுமே தவிர, தடுக்காது.

மேற்கொண்டு பணம் வேண்டுமென்றால், வாரியம் தானாகச் சொத்து வரியை உயர்த்திவிட முடியாது. 1992-இல் வந்த மாநில அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வாக்காளரிடம் போக வேண்டும். கூரையை மாற்றுவது போன்ற கட்டடச் செலவுக்கு, 2008-இல் தொடங்கிய பெஸ்ட் என்ற மாநில மானியத் திட்டம் இருக்கிறது. அதற்கும் பொதுவாக மாவட்டம் தன் பங்கைப் போட வேண்டும். அந்தப் பங்குக்காகக் கடன் பத்திரம் வெளியிட வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போனபோதுதான், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட முதியவர்களுக்கு இந்தப் பள்ளி எதற்கு என்று விளக்கும் பொறுப்பும் எங்களுடையதே என்று புரிந்தது.

மூன்றாம் பதில்

மேலே எழுதியவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். சிறிய மாவட்டம் தனியாக எதையும் நடத்துவதில்லை. நான் பேச்சுக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சியாளர். என்னைப் பணியமர்த்தியிருப்பது எந்த ஒரு பள்ளி மாவட்டமும் அல்ல, 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி பல மாவட்டங்கள் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் போசெஸ் என்ற கூட்டுறவுச் சேவை வாரியம். வாரத்தில் பாதி நேரம் நான் சாலையில்தான் இருக்கிறேன். சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கு உரிய சேவையைத் தர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது; அத்தகைய குழந்தைகள் மூவர் மட்டுமே உள்ள மாவட்டம் முழுநேர நிபுணரை எப்படி வைத்துக்கொள்ளும்? பகிர்ந்துகொள்வதுதான் வழி.

கொலராடோவின் 178 மாவட்டங்களில் பெரும்பான்மையானவை வாரத்தில் நான்கு நாள் மட்டுமே இயங்குவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சட்டம் உயர்நிலைக்கு ஆண்டுக்கு 1,080 மணி நேரம், தொடக்க நிலைக்கு 990 மணி நேரம் என்று கணக்கிடுவதால், நாளை நீட்டி வாரத்தைக் குறைக்க இடமிருக்கிறது. இது செலவைக் குறைக்கும் என்று பேசப்படுகிறது. ஆனால் செலவில் பெரும்பகுதி சம்பளம் என்பதால் மிச்சமாவது சிறு தொகைதான். நகரத்துச் சம்பளத்தைத் தர முடியாத வாரியம், ஆசிரியருக்கு அதற்கு ஈடாக ஒரு வெள்ளிக்கிழமையைத் தருகிறது என்பதே என் எண்ணம்.

போட்டியிடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேர்தலுக்கு முன் தொடர்ந்து 12 மாதங்களாவது அந்த மாவட்டத்தில் பதிவுபெற்ற வாக்காளராக வசித்திருக்க வேண்டும். அண்மையில்தான் வந்தீர்கள் என்பதால் முதலில் நாட்களை எண்ணிப் பாருங்கள். இடங்களைவிட வேட்பாளர்கள் அதிகம் இல்லாவிட்டால் வாக்குப்பதிவையே ரத்து செய்துவிட்டு வெற்றி அறிவிக்கலாம். சிற்றூர்களில் இது புதிதல்ல. பேருந்து விஷயத்தை எழுத்தில் கண்காணிப்பாளருக்குக் கொடுத்துவிட்டு, பதில் திருப்தி தராவிட்டால் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுப்புங்கள். அதற்கு முன், அந்த வழித்தடத்திற்கு உரிமம் பெற்ற ஓட்டுநர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். நான் போய்வரும் பள்ளி ஒன்றில் காலையில் பேருந்தை ஓட்டிவருபவர் அறிவியல் ஆசிரியர். அவர் உங்கள் திருப்பத்துக்கும் வந்து போனால், முதல் பாடவேளை தொடங்கும்போது வகுப்பில் ஆசிரியர் இருக்க மாட்டார்.