புதுப்பிப்பு: அச்சு முறுக்கு பேனரும் சாய்ந்த எழுத்தும்

போன வாரம் கேட்டிருந்தேனே, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அக்காவின் தீபாவளிப் பலகாரக் கடை பேனரில் ஆங்கிலம் ஹெல்வெட்டிகா போல்டு ஆப்லிக் (ஹெல்வெட்டிகா எழுத்துருவின் தடித்த, சாய்ந்த வடிவம்), பக்கத்தில் தமிழை எப்படிச் சாய்ப்பது என்று. முடிந்தது.

ஹெல்வெட்டிகாவின் சாய்வு 12 டிகிரி. தமிழையும் அதே அளவு சாய்த்தால் சுழிகள் நசுங்கிய முட்டை மாதிரி ஆகின்றன. ‘முறுக்கு’வில் க் மேலிருந்த புள்ளி கு-வின் தலைக்கு நகர்ந்துவிட்டது போலத் தெரிந்தது. 6 டிகிரியாகக் குறைத்து, புள்ளிகளைக் கையால் இடப்பக்கம் நகர்த்தினேன். சிலர் சொன்னபடி நேராகவே விட்டும் பார்த்தேன். சாய்ந்த ஆங்கிலத்தின் அருகில் விறைத்து நின்றது.

அப்புறம் ஒரு கூத்து. அச்சகத்துக் கணினியில் என் எழுத்துரு இல்லை, தமிழெல்லாம் வெறும் கட்டங்கள்! எழுத்துகளைக் கோட்டுருவமாக (எழுத்துரு இல்லாமலே தெரியும் வரைவடிவமாக) மாற்றி அனுப்பியதும் சரியானது. அக்கா பார்த்துவிட்டு, “விலையை இன்னும் பெருசா போட்டிருக்கலாம்ல?” என்றார்.