புரோட்டீன் பேன்கேக் ரப்பர் மாதிரி வருகிறது, அப்பாவால் மெல்ல முடியவில்லை. உதவுங்கள்

ஜெலுத்தோங், பினாங்கு (கேள்வி)

வணக்கம். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கீழ்வரிசைப் பல் செட்தான், இனிப்பு நீரும் உண்டு. காலையில் வெறும் ரொட்டியும் தேத்தண்ணியும் போதாது, புரோட்டீன் கூட்டுங்கள் என்று கிளினிக்கில் உணவு ஆலோசகர் சொன்னார். அவித்த முட்டையை வைத்தால் அப்பா தள்ளிவிடுகிறார். பேன்கேக் என்றால் ஆசையாகக் கேட்டு வாங்குகிறார், அதனால் மகள் நானே வீட்டில் சுடுகிறேன்.

நான் போடும் அளவு: வெனிலா வே (பால் புரோட்டீன்) பவுடர் 2 ஸ்கூப் (60 கிராம்), முட்டையின் வெள்ளைக்கரு 3, ஓட்ஸ் 2 மேசைக்கரண்டி, நன்றாகப் பழுத்த பிசாங் பெராங்கான் வாழைப்பழம் 1, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி. எல்லாவற்றையும் பிளெண்டரில் அடித்து உடனே நான்ஸ்டிக் சட்டியில் ஊற்றுகிறேன். தீ நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே.

வெளியே சீக்கிரம் கறுத்துவிடுகிறது, நடுவில் ஈரம் நிற்கிறது. திருப்பும்போது கிழிகிறது. ஆறினால் பிய்க்கவே இழுக்க வேண்டியிருக்கிறது, வாயில் வைத்தால் வறண்டு தொண்டையில் ஒட்டுகிறது. அப்பா ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து விழுங்குவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. எதை மாற்ற வேண்டும்? கோதுமை மாவும் சீனியும் சேர்க்காமல் மென்மையாக வருமா?

பட்டர்வொர்த் (பதில்)

வரும் தங்கச்சி. உங்கள் அளவில் வே பவுடர்தான் பிரச்சினை, தரம் அல்ல, அளவு. பாலைத் திரித்து சீஸ் எடுக்கும்போது பிரிகிற தண்ணீரிலிருந்து கிடைப்பது வே. அந்தப் புரோட்டீன் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். இறுகும்போது உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். வெள்ளைக்கருவும் அதே வேலையைத்தான் செய்யும். இரண்டையும் சேர்த்துப் போட்டு, நடுவில் நின்று தண்ணீரைப் பிடித்துவைக்க மாவுச்சத்து கொஞ்சமும் கொழுப்பு துளியும் இல்லாவிட்டால் அப்படித்தான் வரும். கறுப்பதற்கும் காரணம் உண்டு: பவுடரில் இருக்கிற பால் சர்க்கரையும், வாழைப்பழத்தின் இனிப்பும், புரோட்டீனும் சூட்டில் சேர்ந்து சீக்கிரம் நிறம் மாறும்.

இப்படிப் போட்டுப் பாருங்கள். ஓட்ஸ் 60 கிராம் (மிக்சியில் பொடியாக), முழு முட்டை 2, புளிக்காத கெட்டித் தயிர் 100 கிராம், எண்ணெய் 1 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. இதை மட்டும் முதலில் கலந்து 10 நிமிடம் விடுங்கள், ஓட்ஸ் ஈரத்தைக் குடித்து ஊறட்டும். அதற்கப்புறம் வே 1 ஸ்கூப், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி. கரண்டியால் கலந்தால் போதும், பிளெண்டர் வேண்டாம். வே போட்டு அடித்தால் நுரை பொங்கும், சட்டியில் விழுந்ததும் அமுங்கிவிடும். மாவு கெட்டியாக இருந்தால் கொஞ்சம் பால். பழம் பாதி போதும், பவுடரிலேயே இனிப்பு இருக்கிறது.

புரோட்டீன் குறைந்துவிடும் என்று கவலைப்படாதீர்கள். ஓட்ஸில் சுமார் 8, முட்டையில் 12, தயிரில் 4, ஒரு ஸ்கூப்பில் பிராண்டைப் பொறுத்து 20 முதல் 25 கிராம். மொத்தம் 45 பக்கம் வரும். உங்கள் பழைய அளவைவிட 10 முதல் 15 கிராம்தான் குறைவு. சின்னதாக ஆறு சுட்டால், அப்பாவுக்கு மூன்றிலேயே 22 கிராம் கிடைக்கும்.

ஜார்ஜ் டவுன்

இன்னும் ரெண்டு வெள்ளைக்கரு கூட்டினால் பொங்கி வராதா?

பட்டர்வொர்த்

வராது தம்பி. வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்து, கடைசியில் மெதுவாகக் கலந்தால் கொஞ்சம் எழும்பும். அப்படியே ஊற்றினால் இறுக்கம்தான் கூடும். மென்மை தருவது மஞ்சள் கருவில் இருக்கிற கொழுப்பு, அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆயர் ஈத்தாம்

அளவு சரி. தீயைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! எனக்கு அதுதான் பாதி வேலை என்று தோன்றும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அப்பம் பாலிக், அதுதான் கடலை வைத்து மடிக்கிற அப்பம், சுடுகிற அங்கிளைக் கவனித்துப் பாருங்கள். சிறு தீ, கனமான சட்டி, மாவு ஊற்றியதும் மூடி. மேல்பக்கம் ஆவியிலேயே வெந்துவிடும், திருப்புவதே இல்லை. நீங்களும் மூடி போடுங்கள்.

சட்டியை மிதமான தீயில் சூடாக்கி, ஊற்றும்போது தீயைக் குறைத்துவிடுங்கள். உள்ளங்கை அகலம் போதும், பெரிதாக ஊற்றினால்தான் திருப்பும்போது கிழிகிறது. புரோட்டீன் மாவில் மைதா மாவில் வருகிற அளவு குமிழி வராது, அதற்காகக் காத்திருந்தால் அடி கருகிவிடும். ஓரத்தைப் பாருங்கள்: பளபளப்பு போய், ஓரம் மங்கலாகி, சட்டியை விட்டு லேசாக விலகும். அப்போது மெல்லிய தோசைக்கரண்டியை நுழைத்துத் திருப்பினால் முழுசாக வரும். திருப்பிய பிறகு ஒரு நிமிடம் போதும். கரண்டியால் அமுக்காதீர்கள்.

உங்கள் பேக்கிங் பவுடர் பழசா என்றும் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் டப்பா திறந்திருந்தால் சீக்கிரம் வீரியம் போய்விடும். சுடுதண்ணீரில் அரைத் தேக்கரண்டி போடுங்கள், சுறுசுறுவென்று பொங்கவில்லையென்றால் புதுசு வாங்குங்கள்.

பிறை

அக்கா, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். ரொம்ப வருஷமாக இனிப்பு நீர் இருக்கிறவர்களுக்கு சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். அதில் குறை இருந்தால் புரோட்டீனைக் கூட்டுவதே சரியில்லை. அப்பாவுக்குப் பரிசோதித்தார்களா?

சரி என்று சொன்னால், பவுடரே இல்லாத வழியும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதுதான். தோல் நீக்கிய பாசிப்பருப்பு 100 கிராமை நான்கு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஒரு முட்டையோடு மைய அரைக்க வேண்டும். பருப்பில் 24, முட்டையில் 6, ஆக 30 கிராம். அரைக்கும்போது பண்டான் இலைச் சாறு விட்டால் முட்டை வாசம் தெரியாது. வெந்ததும் மெத்தென்று இருக்கும், பல் செட் போட்ட எங்கள் பாட்டி சிரமமில்லாமல் சாப்பிடுகிறார். சந்தையில் கிடைக்கிற மிருதுவான தவ்ஃபூவை (சோயா கட்டி) மசித்து ஓட்ஸ் மாவில் கலந்தாலும் ஈரம் நிற்கும். தெம்பே (புளிக்கவைத்த சோயா) வேண்டாம், புரோட்டீன் நிறைய இருந்தாலும் மாவில் திட்டுத் திட்டாக நிற்கும்.

ஜெலுத்தோங்

கேட்டதற்கு நன்றி தம்பி. சிறுநீரகப் பரிசோதனை செய்தாகிவிட்டது, பாதிப்பு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஆலோசகரும் முடிவைப் பார்த்த பிறகுதான் கூட்டச் சொன்னார்.

இன்று காலை பட்டர்வொர்த் அண்ணன் சொன்ன அளவில், மூடி போட்டுச் சுட்டேன். திருப்பும்போது ஒன்றுகூடக் கிழியவில்லை. பிய்த்தால் உள்ளே சின்னச் சின்னத் துளை, விரலால் அமுக்கினால் மெதுவாக எழும்புகிறது. அப்பா தண்ணீர் கேட்காமலே மூன்றையும் முடித்துவிட்டு, இனிப்பு கொஞ்சம் கம்மி என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமை பாசிப்பருப்பில் போடப் போகிறேன்.

வேலை நாளில் விடிகாலையில் நேரம் இல்லை. முதல் நாளே சுட்டு வைத்தால் மறுபடி இறுகிவிடுமா? இனிப்புக்கு வேறு ஏதாவது வழி உண்டா?

ஆயர் ஈத்தாம்

சீனிக்குப் பதில் வறுத்த நிலக்கடலையைப் பொடித்து, பட்டைத்தூள் கலந்து மேலே தூவுங்கள். வாசனையில் இனிப்புக் குறை அவ்வளவாகத் தெரியாது, 2 மேசைக்கரண்டியில் 4 கிராம் புரோட்டீனும் சேரும். பல் செட்டில் மாட்டாத அளவுக்கு மாவாகவே பொடியுங்கள்.

பட்டர்வொர்த்

முதல் நாள் சுடலாம். நன்றாக ஆறவிட்டு, நடுநடுவே எண்ணெய்த்தாள் வைத்து டப்பாவில் அடுக்குங்கள். பிரிட்ஜில் இரண்டு நாள், ஃபிரீசரில் ஒரு மாதம் தாராளமாக இருக்கும். சூடு காட்டும்போதுதான் கவனம். மைக்ரோவேவில் அதிக நேரம் வைத்தால் வே மறுபடி இறுகும். சட்டியில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து, பேன்கேக்கை வைத்து மூடி, சிறு தீயில் ஒரு நிமிடம். சூடு ஏறியதும் உடனே எடுத்துவிடுங்கள்.