புதுப்பிப்பு: 16 வயதுக்குட்பட்டோர் அணித் தேர்வு குறித்து

அணியின் சீருடைச் செலவை ஏற்ற ஒருவரின் மகன், தேர்வு ஆட்டங்களில் ஒரு விக்கெட்டும் எடுக்காமலேயே மாவட்ட கிரிக்கெட் அணியில் இடம்பெற்றதையும், 9 விக்கெட் எடுத்த என் மகன் விடுபட்டதையும் மூன்று மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். பிறகு என்ன ஆனது என்று பலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

அந்தப் பதிவில் நீங்கள் சொன்னபடி, எந்த அளவுகோலில் தேர்வு நடந்தது என்று எழுத்து மூலம் கேட்டேன். ஐந்து வாரம் கழித்து வந்த பதில், தேர்வுக் குழுவின் முடிவே இறுதியானது என்பது மட்டுமே. நேரில் சென்றபோது, மதிப்பெண் தாள் என்ற ஒன்றே இருந்ததில்லை என்று ஒருவர் தயங்கியபடி ஒப்புக்கொண்டார். என்னை மிகவும் வருத்தியது அதுதான். எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில், தேர்வாளரே கட்டணம் வாங்கி நடத்தும் பயிற்சி மையத்தில் பிள்ளையைச் சேர்ப்பதும், 20,000 ரூபாயைத் தாண்டும் ஆங்கில வில்லோ மர மட்டையோடு அவனை அனுப்புவதும் தகுதியாகவே எண்ணப்பட்டுவிடுகின்றன. இந்திய கிரிக்கெட் வாரியத்தைச் சீர்திருத்த அமைக்கப்பட்ட லோதா குழுவின் பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றை உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில் ஏற்றபோது, இத்தகைய நலன் முரண்பாடும் அவற்றில் முக்கியமாகப் பேசப்பட்டிருந்தது.

வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் தொடங்கி 2020இல் இந்திய அணிக்கு வரவில்லையா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அவரை நான் வணங்குகிறேன். ஆனால் அவர் பெயரைச் சொல்லி மற்ற பிள்ளைகளின் கேள்வியை அடைப்பது நியாயமில்லை.

அடுத்த தேர்வில் மதிப்பெண்களை வெளியிடக் கோரி, பதினோரு பெற்றோர் கையெழுத்திட்ட மனுவைச் சென்ற வாரம் கொடுத்திருக்கிறோம்.