கோல்ஃப்: பட்டிங் மிரர், ஹிஞ்ச் கிளப் இருந்தா நல்லா வருது, எடுத்துட்டா போச்சு. உதவி ப்ளீஸ்

ஸ்லைஸ்சித்தப்பா:
வணக்கம் மக்களே, ரைட் ஹேண்ட் கோல்ஃப் ஆடுறேன். வீட்ல மேட் மேல பட்டிங் மிரர் (கண்ணும் தோளும் சரியா இருக்கான்னு காட்டுற, கோடு போட்ட கண்ணாடி) போட்டு, முன்னாடி பந்து நடுவுல போற மாதிரி கேட் வெச்சு அடிச்சா பந்து நேரா போகுது, நிஜ கிரீன்ல (ஹோல் இருக்குற புல்தரை) அஞ்சடி பட் (ஹோலுக்கு உருட்டுற அடி) கூட ரைட்ல ஓடிடுது. டிரைவர்ல (தூரமா அடிக்கிற கிளப்) பந்து ரைட்டுக்கு வளையுற ஸ்லைஸுக்கு, ஷாஃப்ட் நடுவுல மடங்குற ஹிஞ்ச் கிளப் வாங்கினேன், அதை மடங்காம சுத்தவும் பழகிட்டேன், ஆனா டிரைவரை கையில எடுத்ததும் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிடுது. இன்னும் என்ன வாங்கணும்?

மூணுபட்மாமா:
முதல்ல ஒண்ணும் வாங்காதீங்க 😄 பட்டிங் மட்டும் சொல்றேன். ரைட்ல போறதுக்கு எய்ம் தப்பா இருக்கலாம், ஃபேஸ் (கிளப்ல பந்து படுற முகம்) ரைட்டுக்கு திறந்திருக்கலாம், ஸ்லோப்பை தப்பா படிச்சிருக்கலாம், எதுன்னு வீட்ல இருக்குற மிரர் சொல்லாது. கிரீன்ல சமமான இடமா பாத்து பந்துக்கு ஒன்றரை அடி முன்னாடி ரெண்டு டீ (பந்தை தாங்குற சின்ன குச்சி) குத்துங்க, நடுவுல பந்து போக கொஞ்சம் தாராளமா இடம் விட்டு. கேட்டை தாண்டியும் மிஸ் ஆனா ஸ்லோப் ரீடிங், இல்லன்னா ஸ்பீடு தப்பு. ரைட் டீல இடிச்சா எய்ம், இல்லன்னா ஃபேஸ் தப்பு. பட்ல பந்து கிளம்புற திசையை பெரும்பாலும் ஃபேஸ்தான் முடிவு பண்ணும், பாத்துக்கு (கிளப் போற வழி) பங்கு கம்மி. ஹோல் அகலமே 4.25 இன்ச், பத்தடில இருந்து 1 டிகிரி தள்ளி கிளம்பினாலே ரெண்டு இன்ச்சுக்கு மேல விலகிடும், அதாவது ஹோலோட விளிம்பு. அஞ்சடில அவ்ளோ மோசம் இல்ல, அதுலயும் மிஸ்னா தப்பு பெருசு.

ரேஞ்ச்வாசி:
ஹிஞ்ச் கிளப் டெம்போவுக்கு (ஸ்விங்கோட தாளம்) ஓகே, திடீர்னு இழுத்தா மடங்கி காட்டிக்கொடுக்கும். ஆனா பந்து படுற நேரத்துல டிரைவர் ஃபேஸ் எங்க பாக்குதுன்னு அதுக்கு எப்படி தெரியும்? உங்க பந்து லெஃப்ட்ல கிளம்பி ரைட்டுக்கு வளையுதா, இல்ல கிளம்பும்போதே ரைட்டா?

ஸ்லைஸ்சித்தப்பா:
லெஃப்ட்ல கிளம்பி வாழைப்பழம் மாதிரி வளையுது.

ரேஞ்ச்வாசி:
அப்போ ஃபேஸ் டார்கெட்டுக்கு லெஃப்ட்லதான் இருக்கு, பாத் அதைவிட லெஃப்ட்ல, வெளிய இருந்து உள்ள வெட்டுறீங்க. ரெண்டு வேலை பண்ணுங்க. அலைன்மென்ட் ஸ்டிக் (திசை பாக்குற நீளக் குச்சி) ஒண்ணை கால் விரலுக்கு முன்னாடி தரையில போட்டு பாருங்க, ஸ்லைஸ் போடுற ஆளுங்க பயத்துல லெஃப்ட்ல திரும்பி நிப்பாங்க, அதனால வெட்டு இன்னும் ஜாஸ்தி ஆகும். அப்புறம் காலி ஹெட்கவரை (கிளப் தலை உறை) பந்துக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் பின்னாடி வெச்சு அதை தட்டாம அடிங்க, முதல்ல பாதி ஸ்விங்தான், ஸ்டிக்கை அங்க நட்டு வெக்காதீங்க, பட்டுச்சுன்னா கை போயிடும். ஃபேஸ்ல காலுக்கு அடிக்கிற ஃபுட் பவுடர் ஸ்ப்ரே அடிச்சா எங்க படுதுன்னு தெரியும், ஹீல்ல (ஃபேஸ்ல ஷாஃப்ட் பக்கம் இருக்குற ஓரம்) பட்டா அதுவே தனியா ஸ்லைஸ் ஸ்பின் குடுக்கும், நீங்க பாவம் பாத்தை திருத்திக்கிட்டே இருப்பீங்க.

ஸ்லைஸ்சித்தப்பா:
கேட் வெச்சு பாத்தேன். கிரீன்ல மிரர் போட்டு அடிச்சா உள்ள போகுது, மிரரை எடுத்தா ரைட் டீல டொக்குனு இடிக்குது. ஸ்ப்ரேல பாதி ஹீல் 🤦

மூணுபட்மாமா:
சரி, எய்ம்தான். மிரர்ல இருக்குற கோட்டை பாத்து பட்டரை வெக்கிறீங்க, கோடு இல்லாம கண்ணுக்கு நேர் எதுன்னு தெரியல. வரிசையை மாத்துங்க: மொதல்ல மிரர் இல்லாம நில்லுங்க, பட்டரை அசைக்காம பிடிச்சுக்கிட்டு பின்னாடி இருந்து யாரையாவது பாக்க சொல்லுங்க, அப்புறம் மிரர் போட்டு கண்ணும் தோளும் எங்க இருக்குன்னு சரிபாருங்க. பந்து மேல மார்க்கர்ல கோடு போட்டுக்குங்க, அது ரவுண்டுலயும் செல்லும்.

விதிப்பித்தன்:
ஆனா ஸ்டிக், கிளப்ல மாட்டுற வெயிட் வளையம் எல்லாம் பேக்ல இருந்தா பரவால்ல, ரவுண்டு நடுவுல எடுத்து ப்ராக்டிஸ் ஸ்விங் போட்டா ரூல் 4.3, ஸ்ட்ரோக் பிளேல (மொத்த அடியை எண்ணுற ஆட்டம்) ரெண்டு ஸ்ட்ரோக் பெனால்டி.

ஸ்லைஸ்சித்தப்பா:
ஹீல்ல படுறதுக்கு பந்துல இருந்து தள்ளி நிக்கணுமா கிட்ட நிக்கணுமா?

ரேஞ்ச்வாசி:
ரொம்ப கிட்ட நின்னா கொஞ்சம் தள்ளுங்க. ஆனா டௌன்ஸ்விங்ல உடம்பு பந்து பக்கம் சாஞ்சாலும் ஹீல்லதான் படும், சைடுல இருந்து ஒரு வீடியோ எடுத்து போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.